தொட்டிச் செடி ஏன் வெளுக்கிறது? விடை தேடிய ஜூலியஸ் ஸாக்ஸ்

மாடியில் நீங்கள் வைத்திருக்கும் செம்பருத்தியின் இலை மஞ்சளாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? ஒரு கை மண்புழு உரம், ஒரு கரண்டி பொட்டாஷ், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசல், போதாததற்கு ஒரு வாளித் தண்ணீர். எல்லாம் ஒரே நாளில். பிறகு செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. பட்டுப்போனாலும் எதனால் என்று தெரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வாழ்நாளைச் செலவிட்டவர் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஜூலியஸ் ஸாக்ஸ். இன்று ஓர் இலையைப் பார்த்து, இது இரும்புச்சத்துக் குறைபாடு என்று வேளாண் அலுவலர் சொல்கிறார் என்றால், அந்த அறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இவர்.

ஸாக்ஸ் 1832-ம் ஆண்டு அக்டோபர் 2 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பா செதுக்கோவியக் கலைஞர், வருமானம் அதிகமில்லை. மகனுக்கு அவர் விட்டுச்சென்றது வரையும் கையையும், செடி கொடிகளை நின்று பார்க்கும் பழக்கத்தையும்தான். பள்ளிப் பருவம் முடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். படிப்பு நின்றது. கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்றுகூட அந்தப் பையன் யோசித்திருக்கிறான்.

அவனுடைய நண்பர்களின் தந்தை ஒருவர் கைகொடுத்தார். அவர்தான் உடலியல் அறிஞர் புர்கின்யே. 1850-ல் பிராகா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போன அவர், தன் ஆய்வுகளுக்குப் படம் வரைய ஸாக்ஸை அழைத்துக்கொண்டார். பகலில் ஆசிரியருக்குப் படம் வரைவது, மீதி நேரத்தில் சொந்தப் படிப்பு என்று ஓடி, 1856-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

உங்கள் தொட்டிக்கு நேரடியாக உதவும் ஆய்வுகளை அவர் இதற்கடுத்த சில ஆண்டுகளில்தான் செய்தார். முதலாவது, வாட்டம் பற்றியது.

இளம் புகையிலைச் செடிகளை மூன்று வகை மண்ணில் வளர்த்து, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். இலை வாடிய நேரத்தில் மண்ணில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்று அளந்தார். பெருமணலில் 1.5 சதவீதம். களி கலந்த மண்ணில் 8 சதவீதம். மக்கும் மணலும் கலந்த மண்ணில் 12.3 சதவீதம்! மக்கு நிறைந்த மண் கையில் ஈரமாகப் படும்போதே செடிக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகலாம். மணலோ தன்னிடமுள்ளதைக் கிட்டத்தட்ட முழுவதும் கொடுத்துவிடுகிறது. தொட்டிக் கலவையை மாற்றினால் தண்ணீர் விடும் கணக்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்பது இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

அடுத்தது இன்னும் சுவையானது. புகையிலை, பூசணிச் செடிகள் இருந்த தொட்டிகளின் மண்ணை 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்தார். மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் இலைகள் துவண்டு தொங்கின. மண்ணைச் சூடாக்கியதும் நிமிர்ந்துவிட்டன. வாட்டம் என்றால் தாகம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் வேரால் உறிஞ்ச முடியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். நம் ஊரில் தொட்டி மண் அவ்வளவு குளிராது. ஆனால் வடிகால் துளை அடைத்துக்கொண்டு, வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் இதே கதைதான். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும்.

1859-ல் அவர் தாராண்ட் என்ற ஊரின் வேளாண்மை, வனவியல் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு, மண்ணே இல்லாமல் செடி வளர்க்கும் முறையை வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் வில்ஹெல்ம் நாப் என்பவரும் தனியாக இதில் வெற்றி கண்டார். ஈரமான மரத்தூளில் விதையை முளைக்க வைத்து, நாற்றைத் தக்கையில் பொருத்தி, வேர் மட்டும் ஜாடித் தண்ணீரில் இறங்கும்படி ஸாக்ஸ் தொங்கவிட்டார். அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் உப்புகள், துளி இரும்பு உப்பு கரைத்திருந்தார். மண் என்ற மர்மம் விலகிவிட்டதால், ஒவ்வொரு உப்பாக நிறுத்திப் பார்க்க முடிந்தது.

இரும்பை நிறுத்திய மக்காச்சோளத்தில் நடந்ததைக் கவனியுங்கள். முதல் மூன்று, நான்கு இலைகள் பச்சையாகவே வந்தன. விதையில் இருந்த சேமிப்பு அது. அதற்குப் பிறகு வந்த இலைகள் வெளிறி, கடைசியில் வெள்ளையாகவே விரிந்தன. ஜாடியில் கொஞ்சம் இரும்பு உப்பைச் சேர்த்தார். சில நாள்களில் பச்சை திரும்பியது. இதில் ஒருவருக்கு உரிய பெயரைக் கொடுத்துவிட வேண்டும். வெளிறிய இலையில் இரும்புக் கரைசலைத் தடவினால் பச்சையாகும் என்று 1840-களிலேயே காட்டியவர் பிரான்ஸ் நாட்டின் யூசெப் கிரி. ஸாக்ஸ் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிப்படுத்தினார்.

பழைய இலை பச்சை, புது இலை வெளுப்பு என்ற இந்த வரிசைதான் உங்களுக்கு முதல் துப்பு. செடிக்குள் இரும்பு ஓர் இலையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் நகராது. அதனால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். தழைச்சத்து நகரக்கூடியது, பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அடி இலை முழுதும் மஞ்சளாகும். அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைவெளி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். எனவே உரப் பையை எடுப்பதற்கு முன், மஞ்சள் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

1861-ல் பான் நகருக்கு அருகே வேளாண் கல்லூரிப் பணிக்குப் போனார். ஓர் இலையில் பாதியை மறைத்து, மீதியை வெயில் படவிட்டு, பிறகு அயோடின் இட்டு மாவுச்சத்தைக் காட்டும் பள்ளிக்கூடச் சோதனை இருக்கிறதே, அது இவர் தந்ததுதான். 1868-ல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

குறையில்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் வேர் நுனிதான் புவியீர்ப்பை உணர்கிறது என்று 1880-ல் எழுதியபோது, சோதனை செய்யத் தெரியாதவர்களின் வேலை என்கிற விதமாக ஸாக்ஸ் ஒதுக்கித் தள்ளினார். பிரான்சிஸ் இவரிடமே பயின்றவர்! கடைசியில் டார்வின் சொன்னதுதான் சரியென்று ஆனது. ஓய்வில்லாத உழைப்பு உடம்பையும் கெடுத்தது; பிற்காலம் நோயோடுதான் கழிந்தது.

அந்த நிலையிலும் பழைய கேள்வியை அவர் விடவில்லை. வூர்ஸ்பர்க் சுண்ணாம்புப் பாறை மிகுந்த பகுதி. அத்தகைய மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. தோட்டச் செடிகளும் மரங்களும் வெளுத்து நிற்பதைக் கண்டு, அவற்றுக்கு இரும்பு உப்பு கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1888-ல் கட்டுரையாக எழுதினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1897 மே 29 அன்று காலமானார்.

உப்புத் தண்ணீர் ஊற்றும் மாடித் தோட்டங்களிலும் இதே சிக்கல் வரும். நம் ஊரில் அன்னபேதி என்று கிடைப்பதுதான் இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே ஒரு கிளையில் மட்டும் தெளியுங்கள். அந்த வாரம் வேறு எதுவும் போட வேண்டாம். அந்தக் கிளையின் கொழுந்து பச்சையாகி, மற்றவை அப்படியே இருந்தால் காரணம் இரும்புதான். மாறவில்லை என்றால் தொட்டியைச் சாய்த்து, வடிகால் துளையையும் வேரையும் பாருங்கள்.