ஏதிலியாய் வந்த இயந்திரச் சிற்பி: மார்க் புரூனெல்

லண்டன் மாநகரின் கிழக்கே, வொப்பிங் நிலையத்திற்கும் ரொதர்ஹைத் நிலையத்திற்கும் இடையே ஓடும் புகையிரதம் தேம்ஸ் நதியின் அடியாற் செல்கின்றது. இரண்டொரு நிமிடங்களில் முடிந்துவிடும் பயணம் அது. வேலைக்கு விரைவோர் எவரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அப்பாதைக்கு விண்ட்ரஷ் பாதை எனப் பெயர் சூட்டப்பட்டது. 1948இல் கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் அது. அந்தச் சுரங்கத்தை வடிவமைத்தவரும் கடல் கடந்து வந்த ஓர் ஏதிலியே என்பதனால், அப்பெயர் இன்னொரு வகையிலும் பொருந்துவதாக நாம் கருதுகின்றோம்.

அவர் பெயர் மார்க் இசம்பார்ட் புரூனெல். பாலங்களும் புகையிரதப் பாதைகளும் பெருங் கப்பல்களும் அமைத்துப் புகழீட்டிய இசம்பார்ட் கிங்டம் புரூனெலின் தந்தை. மகனின் புகழ் தந்தையின் பெயரை ஓரளவு மறைத்துவிட்டது. ஆயினும், புகலிடம் தேடி வந்த மண்ணிற் கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ முற்படும் எம் போன்றோர்க்குத் தந்தையின் கதையே நெருக்கமானது.

1769ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்சின் நோர்மண்டிப் பிரதேசத்தில், ஹக்வில் என்னும் சிற்றூரில், வசதி படைத்த ஒரு விவசாயியின் இரண்டாவது மகனாகப் பிறந்தார் மார்க். நிலம் மூத்தவனுக்கு, இளையவன் குருவாக வேண்டும் என்பது அக்கால வழக்கம். சிறுவனின் மனமோ வேதநூல்களிற் செல்லவில்லை. சித்திரமும் கணிதமும் தச்சு வேலையுமே அவனை ஈர்த்தன. ஈற்றில் தந்தை விட்டுக்கொடுக்க, 1786இல் மார்க் கடற்படையிற் சேர்ந்தார். கடலிற் பயன்படும் கோணமானி ஒன்றைப் பித்தளையும் தந்தமும் கொண்டு தாமே செய்து, தமது சேவைக்காலம் முழுவதும் அதனையே பயன்படுத்தினார். பார்த்ததைக் கையாற் செய்துவிடும் இவ்வியல்பு பின்னர் அவரது உயிரைக் காக்க இருந்தது.

1792இல் அவர் கடற்படையிலிருந்து மீண்டபோது பிரான்ஸ் புரட்சியிற் கொதித்துக்கொண்டிருந்தது. மார்க் மன்னராட்சியை ஆதரித்தவர்; அதை வெளிப்படையாகவும் பேசியவர். ரூவன் நகரில் இருப்பது ஆபத்தாயிற்று. அந்நகரிலேதான் சோபியா கிங்டம் என்னும் ஆங்கில இளம் பெண்ணைச் சந்தித்து அவர் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். ஆனால் தங்கியிருக்க வழியில்லை. 1793ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்கக் கப்பலொன்றில் ஏறி நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டார்.

நடுக்கடலிற்றான் தமது கடவுச்சீட்டு தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். பிரெஞ்சுப் போர்க்கப்பலொன்று வழிமறித்துப் பயணிகளின் பத்திரங்களைச் சோதிக்கும் அபாயம் இருந்தது. மார்க் சக பயணி ஒருவரின் கடவுச்சீட்டை இரவல் வாங்கி, எழுத்தும் முத்திரையும் பிசகாமல், அதைப் போலவே ஒன்றைத் தம் கையால் வரைந்து முடித்தார். சோதனைக்கு வந்தோர் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டதாக அவரது வாழ்க்கையை எழுதியோர் பதிந்துள்ளனர்.

இச்செய்தியைப் படிக்கும் நம் வாசகரிற் பலர் தமக்குள் சிரித்துக்கொள்வர். சிலர் பெருமூச்சு விடுவர். உயிர் தப்பி ஓடுபவனிடம் ஒழுங்கான பத்திரம் இருப்பதில்லை என்ற உண்மையை 1951ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அகதிகள் சாசனம் தன் 31ஆம் உறுப்புரையிற் கருத்திற் கொண்டது. அதே பிரித்தானியா 1987இல், உரிய பத்திரமின்றிப் பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்துத் தமிழ் ஏதிலிகள் ஆடை களைந்து நின்றதை நாம் மறக்கவில்லை. பொய்ப் பத்திரத்துடன் பயணம் செய்த ஒருவர் பின்னாளில் இதே நாட்டில் வீரர்ப் பட்டம் பெற்றார் என்பது பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத விடயம்.

பிரான்சில் விடப்பட்ட சோபியாவின் நிலை கொடியதாயிற்று. ஆங்கிலேயர் என்ற காரணத்தால் அவர் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டு, கிராவ்லின் நகரில் ஒரு கன்னியர் மடத்திற் சிறைவைக்கப்பட்டார். 1794 யூலையில் ரொபெஸ்பியரின் வீழ்ச்சியுடனேயே விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் லண்டன் திரும்பினார். கடலின் இரு கரைகளில் இருவரும் ஆறாண்டுகள் பிரிந்திருந்தனர்.

அமெரிக்காவில் மார்க் சோர்ந்திருக்கவில்லை. கால்வாய் அமைப்பதற்கான நில அளவையில் ஈடுபட்டார். 1796இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். நியூயோர்க் நகரின் தலைமைப் பொறியியலாளராகவும் நியமனம் பெற்றார். 1798இல் அலெக்சாண்டர் ஹமில்ற்றனின் இல்லத்து விருந்தொன்றில், பிரித்தானியக் கடற்படைக்கு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் கப்பிகள் தேவைப்படுவதாகவும், அவை யாவும் கையினாற் செய்யப்படுவதால் இடர்ப்பாடு மிகுதி என்றும் அறிந்தார். பாய்மரக் கப்பலின் கயிறுகள் யாவும் கப்பிகளினூடாகவே இயங்கும். போர்க்கப்பல் ஒன்றிற்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் வேண்டும். பிறர் செவியில் இச்செய்தி வெறும் பேச்சாக விழுந்திருக்கும். மார்க்கின் மனத்திலோ அது ஒரு வரைபடமாக விரியத் தொடங்கியது. ஹமில்ற்றன் கொடுத்த அறிமுகக் கடிதத்துடன் 1799 மார்ச்சில் இங்கிலாந்தின் கரையில் இறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் லண்டன் ஹோல்போர்னில் அமைந்த தேவாலயத்தில் சோபியாவைக் கரம்பற்றினார்.

இங்கு மார்க்கின் தொழில் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கப்பியை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கைவினைஞன் ஒரு கப்பியைச் செய்யும்போது அவன் கை என்னென்ன செய்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்கி, அச்செய்கைகளைத் தனித்தனியே பிரித்தார். மரத்தை அறுத்தல், துளையிடுதல், துளையை நீள்பள்ளமாகச் செதுக்குதல், புறத்தை வளைவாக இழைத்தல், கயிறு பதியக் காடி வெட்டுதல், உள்ளே சுழலும் சில்லைக் கடைதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி இயந்திரத்தை வடிவமைத்தார். ஒன்றின் வேலை முடிந்ததும் கட்டை அடுத்ததற்குச் செல்லும். ஒன்றைப்போல ஒன்று, அளவு பிசகாமல் வெளிவரும். பொருளை வடிவமைப்பவன் அதனைச் செய்யும் முறையையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்னும் இன்றைய தொழில்நெறி இவ்வாறே வடிவம் பெற்றது.

1801இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வரைபடம் இரும்பாக வேண்டுமே! லண்டனிற் சிறு பட்டறை நடத்திவந்த ஹென்றி மோட்ஸ்லி என்னும் இளம் வினைஞரிடம் மார்க்கை அனுப்பிவைத்தவரும் ஒரு பிரெஞ்சு ஏதிலியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பட்டறையின் யன்னலில் வைக்கப்பட்டிருந்த திருகாணியின் நேர்த்தியைத் தெருவிலிருந்து கண்டு வியந்தவர் அவர். மோட்ஸ்லியின் கை இல்லாவிடின் புரூனெலின் சிந்தனை தாளிலேயே தங்கியிருக்கும். கடற்படைத் தளங்களின் மேற்பார்வைப் பொறுப்பிலிருந்த சாமுவேல் பென்தம் இத்திட்டத்தை ஆதரித்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 45 இயந்திரங்கள் நிறுவப்பட்டு நீராவியால் இயக்கப்பட்டன. 1808இல் ஆண்டொன்றுக்கு 130,000 கப்பிகள் உற்பத்தியாயின. முன்னர் 110 கைதேர்ந்த வினைஞர் செய்த வேலையை, தொழிற்பயிற்சி இல்லாத பத்துப் பேர் செய்து முடித்தனர்.

அந்த நூற்றுப்பத்துப் பேரின் கதையை எவரும் விரிவாக எழுதி வைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையிற் பதிந்த திறன் ஒரே நாளில் மதிப்பிழந்தால் மனிதன் என்னாவான் என்பதை நாம் அறிவோம். பட்டமும் அனுபவமும் பெட்டியில் உறங்க, எரிபொருள் நிலையத்தில் இராக் காவலிருக்கும் நம்மவர் அதனை நன்கறிவர். மார்க்கின் மேதைமையைப் போற்றும்போது இதனையும் மறவாதிருத்தல் நேர்மையாகும்.

கடற்படை அவருக்கு எளிதிற் பணம் கொடுக்கவில்லை. நீண்ட இழுபறியின் பின்னரே ஏறத்தாழ 17,000 பவுண் கிடைத்தது. பின்னர் பற்றர்சீயில் மரம் அரியும் ஆலையை நடத்தினார். 1814இல் அது தீக்கிரையாயிற்று. ஸ்பெயின் போரிலிருந்து 1809இல் திரும்பிய படையினர் கந்தல் சுற்றிய காலுடன் நடந்து வந்ததைக் கண்டு மனம் நொந்து, சப்பாத்துச் செய்யும் இயந்திரங்களை வடிவமைத்தார். போரில் அங்கவீனமுற்றோரையே அவற்றிற் பணிக்கமர்த்தினார். அரசு வாங்கும் என்ற நம்பிக்கையில் உற்பத்தி பெருகியது. 1815இல் போர் முடிந்தது, சப்பாத்துகள் தேங்கின, கடன் ஏறியது. இயந்திரத்தின் ஒவ்வொரு பல்லையும் கணக்கிடத் தெரிந்தவருக்கு வரவு செலவைக் கணக்கிடத் தெரியவில்லை.

1821ஆம் ஆண்டு மே மாதம் கடனாளியாகக் கைது செய்யப்பட்டு, தேம்ஸின் தென்கரையிலிருந்த கிங்ஸ் பெஞ்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். முன்னர் ஒரு சிறையை அனுபவித்த சோபியா இம்முறை தாமாகவே கணவருடன் சிறை புகுந்தார். எண்பத்தெட்டு நாட்கள் அங்கிருந்தனர். உதவி வேண்டி எழுதியும் பயன் கிடைக்காத நிலையில், ருசியச் சக்கரவர்த்தியின் அழைப்பை ஏற்று அந்நாடு செல்லப்போவதாகச் செய்தி பரவியது. உடனே அரசு விழித்தது. வெலிங்டன் கோமகன் தலையிட, கடன் தீர்க்க 5,000 பவுண் வழங்கப்பட்டது. நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதே நிபந்தனை. உள்ளே வரும்போது வேண்டாதவனாகத் தெரிபவன் வெளியேற எண்ணும்போது மட்டும் வேண்டியவனாகிவிடுகின்றான்.

கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவொன்று உண்டு. தலையிலுள்ள ஓட்டினால் மரத்தை அராவிக்கொண்டே முன்னேறி, தன் பின்னால் வளையின் சுவரைச் சுண்ணப் பூச்சால் உறுதியாக்கிச் செல்லும் சிற்றுயிர் அது. சதம் துறைமுகத்தில் அதனைக் கண்ட மார்க், நதியின் கீழே மண்ணைத் துளைப்பதற்கும் அதுவே வழி எனக் கண்டார். 1818இல் அதற்கான காப்புரிமை பெற்றார். இரும்பாலான பன்னிரு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என மூன்று அறைகள். ஆக முப்பத்தாறு அறைகளில் முப்பத்தாறு தொழிலாளர். ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள பலகைகளில் ஒன்றை மட்டும் அகற்றிச் சில அங்குலம் அகழ்ந்து பலகையை மீளப் பொருத்துவர். பின்னாலே கொத்தர் செங்கல் அடுக்குவர். சட்டம் மெல்ல முன்னே தள்ளப்படும்.

1825இல் ரொதர்ஹைத்தில் வேலை தொடங்கியது. நதி அக்காலத்தில் மாநகரின் கழிவு வாய்க்காலாக இருந்தது. கசிந்த நீரும் நச்சுவாயுவும் தொழிலாளரை நோயிற் தள்ளின. சிலரின் கண்பார்வையையும் பறித்தன. 1827 மே மாதம் நதி உட்புகுந்தது. மீண்டும் 1828 சனவரி 12ஆம் நாள் புகுந்தபோது ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். அங்கு பொறுப்பிலிருந்த மகன் இசம்பார்ட் மயிரிழையிற் தப்பினார். பணம் தீர்ந்தது. சுரங்கத்தின் முகம் சுவரெழுப்பி மூடப்பட்டது. ஏழு ஆண்டுகள் அரைகுறைச் சுரங்கம் நகைப்புக்கிடமாகக் கிடந்தது. மார்க் மனம் தளரவில்லை. அரசின் கடனுதவியுடன் மீண்டும் தொடங்கி, 1841இல் வீரர்ப் பட்டம் பெற்று, 1843 மார்ச் 25ஆம் நாள் அதனைத் திறந்துவைத்தார். கப்பல் ஓடும் நதியொன்றின் கீழே உலகில் வெற்றிகரமாக அமைக்கப்பட்ட முதற் சுரங்கம் அதுவே. நீளம் 1,300 அடி. நடந்து செல்லக் கட்டணம் ஒரு பென்னி.

வண்டிகள் இறங்குவதற்கான சரிவுப் பாதைகளை அமைக்கப் பணம் போதாமையால் அது வணிகத் தோல்வியாயிற்று. 1849 டிசம்பர் 12ஆம் நாள் மார்க் காலமானார். இருபது ஆண்டுகள் கழித்து, 1869இல், அதனூடே புகையிரதம் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகின்றது.

மார்க்கின் நிலையையும் நம் நிலையையும் ஒன்றெனச் சொல்வதற்கில்லை. அவர் கையில் அறிமுகக் கடிதம் இருந்தது. மனைவியின் சகோதரர் கடற்படை அலுவலகத்திற் பதவி வகித்தார். நிறமும் மதமும் தெருவில் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவையின்றி அத்திறன் மட்டும் வந்திறங்கியிருப்பின் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். எத்தனையோ திறன்கள் அவ்வாறு வந்து, கடிதம் இன்றியே, கதவுகளின் வெளியே நின்று மறைந்தன. ஆகவே இவ்வரலாற்றை ஏதிலிகள் முயன்றால் வெல்வர் என்னும் எளிய பாடமாக்கிவிட நாம் விரும்பவில்லை. ஒரு நாடு யாரைத் தங்க விடுகின்றது, யாருடைய வரைபடத்தை விரித்துப் பார்க்கின்றது என்பதும் இதில் அடங்கியுள்ளது.

அவர் வடிவமைத்த கப்பி இயந்திரங்களிற் சில தென் கென்சிங்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. ரொதர்ஹைத்தில் அவர் பெயரால் ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. கென்சல் கிறீன் மயானத்தில் அவரும் சோபியாவும் மகனும் ஒரே இடத்திற் துயில்கின்றனர். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். வொப்பிங்கில் ஏறி நதியைக் கடக்கும்போது, அச்சுவர்களை எழுப்பியவர் பத்திரம் இல்லாமற் கடல் கடந்தவர் என்றும், அவற்றுக்காக உயிர் கொடுத்த ஆறு தொழிலாளரும் இருந்தனர் என்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.