பாம்பின் பல்லைப் பார்த்த மருத்துவர் ரஸ்ஸல்

எது நச்சுப் பாம்பு, எது சாதுவான பாம்பு? 1780களில் விசாகப்பட்டினத்துக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸலை விடாமல் துரத்திய கேள்வி இது.

சிரியாவின் அலெப்போ நகரில் பிளேக் நோயோடு போராடியவர் அவர். சகோதரருக்குத் துணையாகவே இந்தியா வந்தார். தரங்கம்பாடியில் வாழ்ந்த கோனிக் 1785-இல் மறைந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் பதவி ரஸ்ஸலுக்கு வந்தது.

அன்று வயிற்றுச் செதில்களையும் வால் செதில்களையும் எண்ணித்தான் பாம்புகளைப் பிரித்தார்கள். ரஸ்ஸலும் எண்ணினார். ஆனால் அதோடு நிற்காமல், வாயைத் திறந்து நச்சுப்பல் இருக்கிறதா என்று பார்த்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டுச் சோதித்தார். இன்று கேட்கவே மனம் கூசும். பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவரது நூல் 1796-இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. ஊர்மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் அதில் பதிவு செய்தார். மலேசியாவிலும் உள்ள மஞ்சள் கறுப்புப் பட்டைக் கட்டுவிரியனின் 'பங்காரஸ்' என்ற அறிவியல் பெயர் அப்படி வந்ததுதான். கண்ணாடி விரியனுக்கு 1797-இல் ரஸ்ஸலின் பெயரே சூட்டப்பட்டது. 1805-இல் அவர் மறைந்தார்.

தமிழில் இரண்டுமே 'விரியன்'. ஆனால் அறிவியலில் கட்டுவிரியன் நாகப்பாம்பின் குடும்பம். அதன் பல் சிறியது, மடங்காது. கண்ணாடி விரியனின் நீண்ட பல்லோ மடங்கி விரியும்.