மார்ஷலின் காவுதடி

ராணுவத்தில் ஒரு மனிதனின் மதிப்பை அறிய அவனுடைய தோளைப் பார்க்கிறார்கள். எத்தனை நட்சத்திரம், எந்தச் சின்னம் என்று கண்ட பிறகே சல்யூட் வைக்கக் கை எழுகிறது. அந்தத் தோள் எவ்வளவு சுமை சுமந்தது என்று கேட்பவர் அரிது. இரண்டு கேள்விகளுக்கும் தன் ஒரே தோளில் விடை வைத்திருந்த மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் சீனச் செம்படையின் தளபதி சூ டே. அவர் பெற்ற பட்டம் வந்த கதையிலும் போன கதையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

சேச்சுவான் மாகாணத்தில் ஓர் ஏழைக் குத்தகை விவசாயியின் குடும்பத்தில் 1886-ல் பிறந்தார் சூ டே. ஒரு பிள்ளையாவது எழுத்தறிந்தால் நிலப்பிரபுவும் வரி வசூலிப்பவனும் ஏய்க்க முடியாதல்லவா? அதற்காக வீட்டார் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அவரைப் படிக்கவைத்தார்கள். 1909-ல் யுன்னான் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1911-ல் மன்சு மன்னராட்சியை வீழ்த்திய புரட்சியில் போரிட்டார். சில ஆண்டுகளில் பிரிகேட் தளபதியானார். பதவி வந்தது, பணம் வந்தது, கூடவே அபினும் வந்தது. தோளில் சின்னம் ஏற ஏற, பிறந்த குடிசை தொலைதூரமாயிற்று.

1922-ல் அத்தனையையும் உதறினார். அபின் பழக்கத்தை ஒழித்தார். சாங்கையில் கம்யூனிஸ்ட் கட்சியின் கதவைத் தட்டினார். யுத்தப் பிரபுக்களின் படையில் இருந்தவரை நம்பத் தலைமை தயங்கியது, கதவு திறக்கவில்லை. அவர் மனம் சோரவில்லை. கப்பலேறி ஐரோப்பா சென்றார். பெர்லினில், தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான சூ என்லாயிடம் சென்று, கட்சியில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுச் சேர்ந்தார். தளபதியாக இருந்தவர் மாணவனாகி மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

1927 ஆகஸ்ட் 1-ல் நான்சாங் நகரில் எழுந்த ஆயுதப் புரட்சியில் அவர் முன்னணியில் நின்றார். அந்த நாளே இன்றும் சீன ராணுவத்தின் பிறந்த நாள். 1928 ஏப்ரலில் தம் படையோடு சிங்காங் மலைக்கு வந்து மா சே துங்கின் படையோடு இணைந்தார். அங்கே உருவான படைக்கு அவர் தளபதி.

எப்படிப்பட்ட படை அது? பொறுப்புகள் உண்டு, பட்டங்கள் இல்லை. சிப்பாயை அதிகாரி கைநீட்டி அடிக்கக் கூடாது. அரிசி போக, மற்ற உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு ஐந்து காசு. அது தளபதிக்கும் சமையற்காரனுக்கும் ஒன்றே. உணவு தானியத்தை அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்துதான் மலையேற்ற வேண்டும். நாற்பதைக் கடந்த சூ டேயும் இரு முனையிலும் கூடை தொங்கும் காவுதடியைத் தோளில் வைத்து வரிசையில் நடந்தார். மனம் பொறாத வீரர்கள் அவர் தடியை ஒளித்துவைத்தார்கள். அவர் வேறொரு தடி செய்துகொண்டார். யாரும் எடுத்துவிடாதபடி அதில் தம் பெயரையும் பொறித்துக்கொண்டார்! அந்தத் தடிதான் அவருடைய முதல் பதவிச் சின்னம்.

1937-ல் ஜப்பானிய ஏகாதிபத்தியத்தை எதிர்க்கக் கோமிந்தாங்குடன் கூட்டு ஏற்பட்டது. செம்படை எட்டாவது வழிப்படையாயிற்று. சூ டேயே தளபதி. செந்நட்சத்திரத் தொப்பியைக் கழற்றிவிட்டு, நேற்றுவரை தங்களைச் சுட்டவர்களின் சின்னத்தை அணிய வீரர்கள் மனம் குமுறினார்கள். ஆனாலும் நாட்டுக்காக அணிந்தார்கள். அந்த ஆண்டுதான் சூ டே நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி கோரினார். 1938-ல் ஐந்து இந்திய மருத்துவர்கள் புறப்பட்டனர். அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் சீன மண்ணிலேயே உயிர் துறந்தார்.

வெற்றி வந்தது. 1955 செப்டம்பரில் சோவியத் முறையைத் தழுவி ராணுவப் பட்டங்களும் தோள்பட்டிகளும் அறிமுகமாயின. பத்துப் பேர் மார்ஷல்கள். முதல் பெயர் சூ டே. தங்கநிறப் பட்டியில் ஒரு பெரிய நட்சத்திரமும் தேசச் சின்னமும் பளபளத்தன. காவுதடி அழுத்திய தோளில் தங்கம் ஏறியது.

பத்தே ஆண்டுகள்! 1965 ஜூனில் பட்டங்கள் அனைத்தும் ரத்தாயின. எல்லோருக்கும் ஒரே செந்நட்சத்திரத் தொப்பி, ஒரே சிவப்புக் கழுத்துப்பட்டை. சமத்துவம் வந்துவிட்டதா? சட்டையைப் பாருங்கள்: அதிகாரிக்கு நான்கு பை, சிப்பாய்க்கு இரண்டு. தோளிலிருந்து இறங்கிய பேதம் சட்டைப்பைக்குள் புகுந்துகொண்டது!

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே கலாசாரப் புரட்சிப் புயல் வீசியது. மார்ஷல்களில் ஹோ லுங் 1969-லும், பெங் தே ஹுவாய் 1974-லும் காவலில் வதைபட்டு மாண்டனர். சூ டேக்குக் கறுப்புத் தளபதி என்ற பழி சூட்டப்பட்டது. பள்ளிப் பாடத்திலிருந்த காவுதடிக் கதையையும் விட்டுவைத்தார்களா? தடி லின் பியாவினுடையது என்று திருத்தினார்கள்! 1971-ல் லின் பியாவ் தப்பியோடும்போது விமான விபத்தில் இறந்தார். பொய்யும் உடன் மாண்டது. தடி உரியவர் கைக்குத் திரும்பியது. 1976 ஜூலை 6-ல், எண்பத்தொன்பதாம் வயதில், சூ டே மறைந்தார்.

1979-ல் வியத்னாம் எல்லைப் போரில், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்ற குழப்பம் வெளிப்பட்டது. 1988-ல் பட்டங்கள் திரும்பின. மார்ஷல் பட்டம் மட்டும் பிறகு எவருக்கும் தரப்படவில்லை.

பட்டமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. குண்டு பாயும் இடத்தில் கட்டளைக்கு ஒரு குரல் வேண்டும்; அந்தக் குரலுக்கு உரியவர் யாரென்று தெரியவும் வேண்டும். ஆனால் பட்டம் வேலைக்கு உரியது. பந்தியில் முந்துவதற்கு உரியதல்ல. மேலிடம் தோளில் வைத்ததை மேலிடமே எடுத்துவிடலாம். தானே சுமந்து பெற்ற பெயரைப் பாடப் புத்தகத்தைத் திருத்தியும் பறிக்க முடியவில்லை.

இது ராணுவத்துக்கு மட்டுமான பாடமா, தோழர்களே? மாநாட்டு மேடையில் முதல் வரிசை நாற்காலிக்கு நம்மிடையே போட்டி உண்டு. பந்தற்கால் நடவும் பாய் சுமக்கவும் அதே போட்டி உண்டா? பதவி கேட்டு வருபவரிடம் இயக்கம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: உங்கள் காவுதடி எங்கே?