கதவுகளைத் திறந்த கவிஞர்: ஜிம் மாரிசனும் மூன்று தோழர்களும்

முன்னுரை

பண்டைத் தமிழகத்தில் பாடல் புனைந்தோரைப் புலவர் என்றும், யாழிசைத்துப் பாடியோரைப் பாணர் என்றும் வழங்கினர். இருவர்க்கும் உரிய பெருமை வேறு வேறு. புலவனாக வாழ விரும்பிய ஒருவனை உலகம் பாணனாக மட்டும் கொண்டாடினால் அவன் நிலை என்னாகும்? அவன் மறைந்தபின், உடன் இசைத்தவர்கள் அவனுக்குக் கொடுத்த சொல்லை எத்தனை காலம் காப்பார்கள்? இவ்வினாக்களை எழுப்பும் வாழ்க்கை ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற 'தி டோர்ஸ்' என்னும் ராக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசனின் வாழ்க்கையே அது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் மேனாட்டு ராக் பாடகர் ஒருவருக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மாரிசன் தம்மைக் கவிஞராகவே கருதியவர். அவருடைய குழுவும் நால்வர் கூடிய ஒரு வட்டமே. அவ்வட்டம் அவரோடு நிலைத்தது ஆறாண்டுகள்தாம். அவர் இல்லாமல் அவரைப் பற்றிய நினைவுகளோடு வாழ்ந்தது அரை நூற்றாண்டு.

பிறப்பும் இளமையும்

ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் 1943 டிசம்பர் 8ஆம் நாள் புளோரிடா மாநிலத்தின் மெல்போர்ன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஸ்டீபன் மாரிசன் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. பணி மாற்றம் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. ஓரிடத்தில் வேர்விட இயலாத சிறுவனுக்கு நூல்களே ஊராயின. நீட்சே, ரேம்போ, பிளேக், கெரூவாக் ஆகியோரைப் பள்ளிப் பருவத்திலேயே ஆழ்ந்து கற்றார். குறிப்பேடுகள் பலவற்றை எழுதி நிரப்பினார். பின்னர் அவற்றைத் தாமே எறிந்துவிட்டார். அவற்றை எறிந்திராவிட்டால் தம்மால் புதிதாக எழுத இயன்றிராது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். பழையதைத் துறத்தலும் படைப்பின் ஒரு கூறு என்பதைக் கவிஞர்கள் அறிவார்கள்.

சிறுவயதில் பாலைநிலச் சாலையொன்றில் விபத்துக்குள்ளாகிக் கிடந்த அமெரிக்கப் பழங்குடி மக்களைக் கண்டதாகவும், அக்காட்சி தம்மை வாழ்நாள் முழுதும் தொடர்ந்ததாகவும் அவர் கூறிவந்தார். அவர் குடும்பத்தாரின் நினைவில் அந்நிகழ்ச்சி அவ்வளவு பெரிதாக இல்லை. ஒரே சாலையில் ஒரே வண்டியில் சென்றவர்களின் நினைவுகள் வேறுபட்டன. இவ்வேறுபாடு அவர் வாழ்க்கை முழுவதிலும் தொடர்வதைக் காணலாம்.

1964 ஆகஸ்டில் நிகழ்ந்த டோங்கின் வளைகுடா நிகழ்ச்சி வியத்நாம் போரை விரிவாக்கியது. அப்பொழுது அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் அவர் தந்தையார். அதே காலத்தில் மகனோ லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றுகொண்டிருந்தார். தந்தையும் மகனும் பிரிந்தனர். முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது தரப்பட்ட தற்குறிப்பில் பெற்றோர் இறந்துவிட்டதாகவே அவர் தெரிவித்தார்.

நால்வர் கூடல்

1965இல் பட்டம் பெற்றபின், கோடைக்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் வெனிஸ் கடற்கரையில் தம்முடன் பயின்ற ரே மன்சாரெக்கை மாரிசன் தற்செயலாகச் சந்தித்தார். எழுதிவைத்திருந்த பாடல்களுள் ஒன்றை மணலில் அமர்ந்தபடியே பாடிக்காட்டினார். இசைக்குழு அமைக்கும் முடிவு அங்கேயே பிறந்தது. பின்னாளில் மன்சாரெக் சலிப்பின்றித் திரும்பத் திரும்ப விவரித்த காட்சி இதுவே.

தாளக்கருவி இசைக்கும் ஜான் டென்ஸ்மோரும், கித்தார் இசைக்கும் ராபி கிரீகரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான வகுப்பின் வழியே மன்சாரெக்கோடு இணைந்தனர். குழுவின் பெயர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நூல் தலைப்பொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தலைப்போ கவிஞர் பிளேக்கின் சொல்லாட்சியிலிருந்து பிறந்தது. ஆகவே குழுவின் பெயரிலேயே ஒரு கவிஞர் இருக்கிறார். டோர்ஸ் என்பதன் பொருள் கதவுகள் என்பதாம்.

அக்காலத்தில் தோன்றிய சைக்கடெலிக் ராக் என்பது, எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருள்கள் தரும் மயக்கநிலையை ஒலியால் காட்ட முயன்ற இசைவகை. நீண்டு செல்லும் இசைத் தொடர்களும், மின் ஆர்கனின் சுழலொலியும், கீழைநாட்டுச் சாயலும் அதன் இயல்புகள். இக்குழுவின் மேடை இசையில் தனியே பேஸ் கித்தார் இசைப்பவர் இல்லை. மன்சாரெக் இடக்கையால் பியானோ பேஸில் அடிச்சுருதியும், வலக்கையால் ஆர்கனும் வாசித்தார். 'தி எண்ட்' என்னும் நெடும்பாடலில் கிரீகரின் கித்தார் இந்திய இசையின் சாயலில் ஒலிக்கிறது. அப்பாடலில் கிரேக்க நாடகத்தின் ஈடிபஸ் கதையை மாரிசன் புகுத்திப் பாடியதால், 1966 ஆகஸ்டில் அவர்கள் இசைத்துவந்த இரவு விடுதி குழுவை வெளியேற்றியது. எனினும் எலெக்ட்ரா நிறுவனம் முன்னரே அவர்களை ஏற்றிருந்தது. 1967 ஜனவரியில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 'லைட் மை ஃபயர்' அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

நால்வரும் வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். தொடக்ககால இசைத்தட்டுகளில் பாடல்களை இயற்றியவர் பெயராகக் குழுவின் பெயரே இடப்பட்டது. யாருடைய வரி என்ற வினா எழாத அந்நாள்களே அவ்வட்டத்தின் பொற்காலம் எனலாம்.

சொல்லின் மதிப்பு

1967 செப்டம்பரில் எட் சலிவனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைப்பு வந்தது. பாடலில் போதையைச் சுட்டுவதாகத் தோன்றிய ஒரு சொல்லை மாற்றுமாறு கேட்கப்பட்டது. மாரிசன் அச்சொல்லை மாற்றாமலே பாடினார். அந்நிகழ்ச்சியின் கதவு அவர்களுக்கு மீண்டும் திறக்கவில்லை.

இதனினும் பெரிய சோதனை 1968இல் வந்தது. மாரிசன் வெளிநாட்டில் இருந்த வேளையில், அவரைத் தொடர்புகொள்ள இயலாத நிலையில், 'லைட் மை ஃபயர்' பாடலை மகிழுந்து விளம்பரம் ஒன்றுக்குக் கொடுக்க மற்ற மூவரும் இசைந்துவிட்டனர். திரும்பிவந்து அதனை அறிந்த மாரிசன் பெருஞ்சினம் கொண்டார் என்று டென்ஸ்மோர் பதிவு செய்துள்ளார். அவ்விளம்பரம் கைவிடப்பட்டது. இதில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பாடலைப் பெரும்பகுதி எழுதியவர் மாரிசன் அல்லர், கிரீகர். பிறர் எழுதிய பாடலுக்காகவே அவர் அத்துணைச் சினந்தார். நால்வர் பெயரில் வந்த பாடல் நால்வர்க்கும் உரியது, நால்வரும் இசையாமல் விற்பனைக்குரியதன்று என்பதே அவர் கொண்ட கொள்கை.

இதே உணர்வின் மறுபக்கம் 1969இல் வெளிவந்த 'தி சாஃப்ட் பரேட்' இசைத்தட்டில் வெளிப்பட்டது. கிரீகர் எழுதிய ஒரு வரி தம் கருத்தாகக் கொள்ளப்படுவதை மாரிசன் விரும்பவில்லை. அத்தட்டில் பாடலாசிரியர் பெயர்கள் தனித்தனியே இடம்பெற்றன.

வீழ்ச்சி

அவர் குறைகளை மறைத்தல் வாழ்க்கை வரலாற்றுக்கு அழகன்று. மதுவே அவரை அழித்தது. ஒலிப்பதிவுக்கு நிலையிழந்து வருவார்; சில நாள் வாராமலே இருப்பார். மனம் பொறாத டென்ஸ்மோர் ஒருமுறை தாளக்குச்சிகளை எறிந்துவிட்டு வெளியேறினார், மறுநாள் திரும்பிவந்தார். கவிதை கேட்க வந்த கூட்டமன்று, களியாட்டம் காண வந்த கூட்டமே தம்முன் நிற்கிறது என்ற கசப்பு மாரிசனுக்குள் வளர்ந்தது.

1969 மார்ச் 1ஆம் நாள் மயாமி நகரில் நடந்த நிகழ்ச்சியில் குடிமயக்கத்தில் இருந்த அவர், அவையினரைத் திட்டியும் தூண்டியும் பேசினார். மேடையில் ஆபாசமாக நடந்துகொண்டார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவர் உடலைக் காட்டவே இல்லை என்று தோழர் மூவரும் இறுதிவரை கூறினர். எனினும் 1970 அக்டோபரில் ஆறு மாதச் சிறையும் 500 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு முடியுமுன்பே அவர் வாழ்வு முடிந்தது. 2010 டிசம்பரில் புளோரிடா அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு எதற்கு, அரசே வருத்தம் தெரிவிக்கட்டும் என்ற கருத்தை அவர் தோழர்கள் வெளியிட்டனர்.

கவிஞராக

இத்துன்பங்களுக்கிடையே அவர் எழுத்து நிற்கவில்லை. கவிஞர் மைக்கேல் மெக்ளூர் அவரை ஊக்குவித்தார். 1969இல் 'தி லார்ட்ஸ்', 'தி நியூ கிரீச்சர்ஸ்' ஆகிய இரு சிறு நூல்களை மாரிசன் தம் செலவில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு அவை ஒரே நூலாகப் பெரிய பதிப்பகம் வழி வெளிவந்தன. கைப்பொருள் செலவிட்டுச் சில படிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்கும் கவிஞரின் மகிழ்ச்சி எத்தகையது என்பதை நம் வட்டத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. பல்லாயிரவர் ஆரவாரம் கண்ட பாடகரும் அம்மகிழ்ச்சியையே நாடினார்.

1970 டிசம்பர் 8, அவருடைய இருபத்தேழாம் பிறந்தநாள். அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில், குழுவின் துணையின்றித் தம் கவிதைகளைப் படித்துப் பதிவு செய்தார். நான்கு நாள்களுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் குழுவோடு அவர் பாடியதே கடைசி மேடையாயிற்று. 'எல்.ஏ. உமன்' இசைத்தட்டின் பணிகளை முடித்துக்கொண்டு, 1971 மார்ச்சில் எழுதுவதற்காகப் பாரிஸ் சென்றார். அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் தங்கியிருந்த வீட்டின் குளியல் தொட்டியில் உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். இதயம் நின்றதே காரணம் எனப் பதிவாயிற்று, பிணஆய்வு செய்யப்படவில்லை. பால்சாக்கும் ஆஸ்கார் வைல்டும் துயிலும் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அடக்கத்தின்போது தோழர் மூவரில் ஒருவரும் உடனில்லை.

மூவர் நினைவில் மூவர்

எஞ்சியோர் மேலும் இரு இசைத்தட்டுகள் வெளியிட்டு 1973இல் கலைந்தனர். 1978இல் மீண்டும் கூடினர். மாரிசன் பிறந்தநாளில் பதிவு செய்த கவிதைக் குரலுக்கு இசை அமைத்து 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' என்னும் தட்டை வெளியிட்டனர். துணையின்றித் தனித்து நிற்க விரும்பிய கவிதைக்கு இசை பூட்டியது தகுமா என்று, அவர்களுடைய பழைய தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு கடிந்தார். நண்பருக்குச் செய்த இறுதிக்கடன் என்று அதனைப் போற்றியோரும் உளர். என் கருத்தில் இரண்டும் உண்மையே.

பின்னர் மூவரும் தத்தம் நினைவுகளை நூலாக்கினர். டென்ஸ்மோர் 1990இல் எழுதிய நூலில், இறந்துபோன நண்பருக்குக் கடிதங்கள் வரைகிறார். அவற்றில் சினமும் அச்சமும் குற்ற உணர்வும் அன்பும் கலந்து கிடக்கின்றன. மன்சாரெக் 1998இல் எழுதிய நூலில் வருபவர் தெய்வமேறிய பூசாரியை ஒத்தவர். நகைச்சுவையும் கல்வியும் மிக்கவர். 1991இல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த திரைப்படம் அவரைக் குடிகாரராக மட்டும் காட்டிற்று என்று மன்சாரெக் மனம் நொந்தார். கிரீகரின் நூல் 2021இல் வெளிவந்தது. புனைவுகளை விலக்கி நடந்தவற்றை அமைதியாகக் கூற முற்படுவது அது. ஒரு மனிதர், மூன்று நூல்கள், மூன்று மாரிசன்கள்.

நினைவில் வேறுபட்டவர்கள் நடைமுறையிலும் வேறுபட்டனர். 2002இல் மன்சாரெக்கும் கிரீகரும் வேறு பாடகரைக் கொண்டு பழைய பெயரின் சாயலில் குழு அமைத்தனர். டென்ஸ்மோர் 2003இல் வழக்குத் தொடர்ந்தார். மகிழுந்து நிறுவனம் ஒன்று விளம்பரத்திற்காக 150 லட்சம் டாலர் தர முன்வந்தபோதும் அவர் ஒருவரே மறுத்தார். 1968இல் நண்பர் காட்டிய சினத்தை அவர் மறக்கவில்லை. ஒரு காலத்தில் மகனைப் பிரிந்திருந்த பெற்றோரும் அவ்வழக்கில் மகனின் பெயருக்காக டென்ஸ்மோர் பக்கமே நின்றனர். தீர்ப்பும் அவர்க்குச் சார்பாயிற்று. ஆனால் நட்பு முறிந்தது. மன்சாரெக் 2013இல் மறைந்தார். 2016இல் அவர் நினைவாக நடந்த இசைநிகழ்ச்சியில் டென்ஸ்மோரும் கிரீகரும் மீண்டும் ஒரே மேடையில் இசைத்தனர்.

முடிவுரை

1981இல் கல்லறையில் வைக்கப்பட்ட மாரிசனின் மார்பளவுச் சிலை 1988இல் களவு போயிற்று. 2025இல் பிரெஞ்சுக் காவல்துறையினர் அதனை மீட்டனர். அவர் எழுத்துகளோ 2021இல் ஒரே பெருநூலாகத் தொகுக்கப்பெற்றன. பாணராகப் புகழ்பெற்றவர் புலவராகவும் நூலடுக்கில் இடம்பெற்றுவிட்டார்.

கவிதைத்தரம் பற்றி அறிஞர் கருத்து வேறுபடலாம். அவர் வட்டம் நமக்குத் தரும் பாடம் ஐயமற்றது. கூடியிருக்கும்போது சமமாகப் பகிர்தல் எளிது. ஒருவர் மறைந்தபின், வாய்திறந்து மறுக்க இயலாத அவருடைய ஒரு பங்கையும் ஒப்புதலாகவோ மறுப்பாகவோ மதித்து நடத்தலே அரிது. அதற்கு டென்ஸ்மோர் கொடுத்த விலை நட்பு. அந்த விலை மிகையா என்பதை எனக்கே தீர்த்துச் சொல்ல இயலவில்லை. பத்தாண்டு நிறைவில் கூடியிருக்கும் நாம், வாராதுபோன உறுப்பினரின் இருக்கையையும் ஓர் இருக்கையாகவே எண்ணி வட்டத்தை வளர்ப்போமாக.