கணக்குப்பிள்ளை பெஸ்ஸல்

பேரேடு எழுதப் போன பையன் ஒருவர் பிற்காலத்தில் வானசாஸ்திரப் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றார். ஜெர்மன் தேசத்துப் பெஸ்ஸல்தாம் அவர். நாம் கடைக்காரர்கள் ஆகையால் அவர் சரிதை நமக்குத் தனி ருசி தருகிறது.

1784-ஆம் ஆண்டு மிண்டன் நகரில் ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். லத்தீன் பாடம் பிடிக்காமல் 14-ஆம் வயதில் பள்ளியை விட்டார். 1799-இல் பிரேமன் துறைமுகத்தில் குலென்காம்ப் என்ற ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனியில் ஏழாண்டுக்குச் சம்பளமில்லாமல் வேலை பழக விடப்பட்டார். கணக்கில் அவருக்கிருந்த சுத்தத்தைக் கண்ட முதலாளிமார், சீக்கிரமே சிறு சம்பளம் போட்டுக் கொடுத்தார்கள்.

சரக்கோடு கப்பலேறி அயல்நாடு போக வேண்டுமென்பது பெஸ்ஸலின் ஆசை. நடுக்கடலில் கப்பல் நிற்குமிடத்தை அறிய நட்சத்திரக் கணக்கு வேண்டுமல்லவா? அதற்காக இரவில் கண் விழித்துப் படிக்கத் தொடங்கியவர் வானசாஸ்திரத்திலேயே நின்றுவிட்டார். 1607-இல் தோன்றிய ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டு, 1804-இல் அவ்வூர் வைத்தியரும் வானசாஸ்திரியுமான ஓல்பர்ஸிடம் கொடுத்தார். ஓல்பர்ஸ் வியந்து அதை அச்சேற்ற ஏற்பாடு செய்தார்.

1806-இல் ஏழாண்டு முடிந்து, கையில் காசு காணும் வேளை வந்தது. அப்போது பார்த்துக் கம்பெனியை விட்டுவிட்டு, சொற்பச் சம்பளத்துக்கு லிலியென்டால் வானாராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகப் போனார். நம்மில் எத்தனை பேர் துணிவோம்?

நான்கே ஆண்டில், 1810-இல், கோனிக்ஸ்பர்க்கில் பிரஷ்ய மன்னர் நிறுவிய புதிய வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். அப்போது வயது 25. சர்வகலாசாலையில் மாணவராக இருந்தவரல்லர். பேராசிரியருக்கோ டாக்டர் பட்டம் வேண்டும். கணித மேதை காஸ் சிபாரிசு செய்ய, கோட்டிங்கன் சர்வகலாசாலை அப்பட்டத்தை வழங்கிற்று.

கெட்டிக்கார வியாபாரி தராசைச் சோதித்த பிறகே சரக்கை நிறுப்பான். பெஸ்ஸலும் அப்படியே. தூரதிருஷ்டிக் கண்ணாடி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அதில் உள்ள பிழையை முதலில் அளந்து கழித்த பிறகே அது காட்டியதை ஏட்டில் ஏற்றுவார்.

அந்தக் கண்டிப்புத்தான் 1838-இல் பலன் தந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள நட்சத்திரம் சற்றே இடம் மாறுவதுபோல் தோன்றும். அதை அளந்தால் தூரம் தெரியும். பலர் முயன்று தோற்றிருந்தார்கள். ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கில் மூன்றிலொன்று அளவே இருந்த அசைவை, சிக்னஸ் மண்டலத்து 61-ஆம் நட்சத்திரத்தில் அவர் அளந்துவிட்டார். அங்கிருந்து ஒளி வந்து சேரச் சுமார் 11 ஆண்டு ஆகிறது. சூரியன் நீங்கலாக ஒரு நட்சத்திரத்தின் தூரம் நம்பத்தக்க முறையில் வெளியானது அதுவே முதல் தடவை.

1844-இல் சிரியஸ் நட்சத்திரத்தின் நடையில் ஒரு தள்ளாட்டத்தைக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரம் அதை இழுக்கிறதென்றார். 1846-இல் காலமானார். 1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் புதிதாகச் செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைச் சோதித்துப் பார்க்கையில், அந்தத் துணை நட்சத்திரம் கண்ணில் பட்டது.