ஐம்பது வயதில் ஏடு தேடக் கிளம்பியவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை

நம் நகரில் காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். செராமிக்கில் சூளை பார்த்தவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள், ஆசிரியர்கள். வேலைக்காக வெளியூரிலிருந்து விருத்தாசலம் வந்து இங்கேயே வீடு கட்டியவர்களும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது, சொந்த ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதனால்தான் இந்த இதழுக்குத் தாமோதரம் பிள்ளையை எடுத்துக்கொண்டேன். பள்ளிப் பாடத்தில் உ.வே. சாமிநாதையர் பெயரோடு ஒட்டி ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரி அவருக்குப் போதாது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தார். கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தபின், இருபது வயதை ஒட்டி, பெர்சிவல் பாதிரியார் அழைத்து, தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்தச் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் அவர். கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் வேலை, பிறகு சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம், நடுவில் 1871இல் சட்டத்திலும் பட்டம் என்று வாழ்க்கை போயிற்று. நல்ல சம்பளம், மதிப்பு, எல்லாம் இருந்தது. இடையிடையே தமிழ் நூல்களை அச்சிட்டும் வந்தார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு கொண்டுவந்தார். அதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். ஆனாலும் அப்போது தமிழ் அவருக்கு ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய நேரத்து வேலைதான்.

நாவலர் 1879இல் காலமானார். இனி யாரைக் கேட்பது என்ற நிலை. 1881இல் வீரசோழியத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, ஐம்பது வயதில், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவில்லை. முப்பது வருடம் பழகிய சென்னையிலும் தங்கவில்லை. கும்பகோணம் போய் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ் பிடித்தால் நாம் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரும் ஊர்தான். அவருக்கோ அது புதிய ஊர். காவிரிக்கரைப் பேச்சு வேறு, யாழ்ப்பாணப் பேச்சு வேறு. ஐம்பது வயதில் புது ஊரில் புதுத் தொழிலைத் தொடங்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிழைப்புக்கு வக்கீல் தொழில். மனமோ ஏடுகளில் இருந்தது. அதற்குக் கும்பகோணத்தைவிடத் தோதான இடம் கிடையாது. திருவாவடுதுறை ஆதீனம் பக்கத்தில், தஞ்சாவூர் சரசுவதி மகால் கொஞ்ச தூரத்தில், சுற்றிலும் பரம்பரையாக ஏடு வைத்திருந்த வீடுகள்.

ஓலைச்சுவடி என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓலை தாங்காது. நம் ஊர்ச் சூளையில் வெந்த பீங்கான் மண்ணுக்குள் கிடந்தாலும் கெடாது. ஓலை அப்படியல்ல. பூச்சி அரிக்கும், கயிறு கோத்த துளையில் கிழியும், பிரிக்கும்போதே ஓரம் உதிரும். பழையது கெடுவதற்குள் புதிய ஓலையில் எழுதிவைக்க ஆள் இருக்க வேண்டும். அந்த ஆட்கள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. படிப்பதும் லேசல்ல. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். பழைய ஏடுகளில் எ, ஏ வித்தியாசம் தெரியாது. (அந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவந்தவர் நம் பக்கத்துக் கோணாங்குப்பத்தில் மாதா கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.) பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிரதியில் விட்டுப்போனது இன்னொரு பிரதியில் இருக்கும், மூன்றாவது இரண்டுக்கும் மாறாக இருக்கும். பகலில் கோர்ட்டு, மற்ற நேரத்தில் இந்த வேலை.

1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு வந்தது. 1887இல் கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களில் முதன்முதலாக அச்சேறியது அதுதான். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும் எட்டுத்தொகை என்ற பெயர், அன்று படித்த தமிழர் பலருக்கே புதிது.

பாராட்டுக்குச் சமமாகக் குறையும் கேட்க நேர்ந்தது. பிழை இருக்கிறது என்றார்கள். பிழை இருந்ததும் உண்மைதான். தம்மைவிடக் கற்றவர்கள் முன்வராததால்தான் தாம் துணிந்து இறங்கியதாகத் தம் பதிப்புரைகளில் அவர் ஒளிக்காமல் எழுதினார். கைக்காசும் இதில் கரைந்தது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். முழுத் தகுதியும் வரட்டும் என்று காத்திருந்தால் ஏடு காத்திருக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அதே கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தவர் சாமிநாதையர். தாமோதரம் பிள்ளை அங்கே வந்தபோது ஐயருக்கு இருபத்தேழு வயது. இருவருக்கும் சீவக சிந்தாமணி மேல் கண். அதைத் தாமே பதிப்பிக்கப் பிள்ளை விரும்பினார், ஐயர் விட்டுக்கொடுக்கவில்லை. மனத்தாங்கல் இருந்ததை ஐயரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரே ஊரில் இப்படிப் போட்டி வந்தால் நாமெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவோம். அவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. 1887இல் ஒருவர் கையிலிருந்து கலித்தொகை, மற்றவர் கையிலிருந்து சிந்தாமணி. தமிழுக்கு இரட்டை லாபம்.

அதன்பின் சில ஆண்டுகள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். அங்கிருந்தபோதே 1889இல் சூளாமணியும் இலக்கண விளக்கமும் வந்துவிட்டன. தொல்காப்பியத்தின் மற்றப் பகுதிகளை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டு முடித்தபோது வயது அறுபதை எட்டியிருந்தது. 1895இல் அரசாங்கம் ராவ்பகதூர் பட்டம் கொடுத்தது. இன்று அந்தப் பட்டத்தைச் சொல்லி அவரை யாரும் அடையாளம் காட்டுவதில்லை.

கடைசிக் காலத்தில் சென்னை புரசைவாக்கத்தில் இருந்தார். 1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அங்கே காலமானார். செய்தி கேட்டு இரங்கல் பாட்டு எழுதியவர்களில் கும்பகோணத்துச் சாமிநாதையரும் ஒருவர்.