விருச்சிகக் கொத்தில் வெடித்த விண்மீன்: நோர்மன் போக்சன்

ஜூலை மாதம் இரவு 10 மணி வாக்கில் லகாட்டில் தெற்கே பார்த்தால் விருச்சிகம் உயரத்தில் நிற்கும். அதன் சிவந்த கேட்டைக்கும் தலைப்பக்கத்து அனுஷத்துக்கும் நடுவே சிறு தொலைநோக்கியில் பஞ்சு போன்ற ஒரு புள்ளி தெரியும். லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. எம் 80 என்பது அதன் பெயர். சுமார் 30,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது.

அந்தக் கொத்தின் வரலாற்றில் இடம்பெற்றவர் நோர்மன் போக்சன். 1829-இல் இங்கிலாந்தின் நோட்டிங்ஹாமில் பிறந்தவர். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கை 1856-இல் முன்வைத்தவரும் அவரே. அதன்படி ஒரு படி ஏறினால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு கூடும். ஐந்து படி என்றால் நூறு மடங்கு.

1860 மே 9-ஆம் தேதி அவர் பார்த்தபோது எம் 80 வழக்கம்போல் இருந்தது. மே 28-இல் அதன் நடுவே பளிச்சென்று ஒரு விண்மீன்! ஜூன் 10-க்குள் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஜெர்மனியின் ஆவர்ஸ் ஒரு வாரம் முன்னதாகவே அதைக் கண்டிருந்தார். ஆனாலும் கொத்தின் பழைய தோற்றத்தை மனத்தில் வைத்திருந்ததால்தான் போக்சனால் மாற்றத்தை உடனே உணர முடிந்தது.

மறு ஆண்டு அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். வந்த சில வாரங்களிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஆசியா என்று பெயரிட்டார்.

அங்கே அவருக்குத் துணை நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனை 1867-இல் கண்டறிந்த இவர், 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு நூல் எழுதி விளக்கினார். 1880-இல் மறைந்தார்.

1873 முதல் போக்சனின் மகள் ஐசிஸ் உதவியாளராகப் பணியாற்றினார். 1886-இல் லண்டன் அரச வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் இடம் கிடைக்கவில்லை. 1920-இல்தான் உறுப்பினரானார்.

முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே உழைத்த போக்சன், 1891 ஜூனில் அங்கேயே காலமானார். அவர் குறித்து வைத்த அளவுகள் பல, அவர் இறந்த பின்னரே அச்சேறின. அந்த உழைப்பின் பலனை அவர் கண்ணால் காணவில்லை. ஆனால் எந்த விண்மீனின் பிரகாசத்தை எண்ணில் குறித்தாலும், அந்த எண் அவர் கணக்கில்தான் பிறக்கிறது.